இங்க்ஸ்கேப் 1.4: வளைந்த உருவங்களுக்கு நிழல் போட எப்படி இருக்கிறது?

இந்த வருடத்தில் பெரும்பகுதி எனக்குக் காய்கறிகளோடுதான் போனது. சின்னக் குழந்தைகளுக்கான சுவர்ப்பட வரிசை, மொத்தம் 24 காய். சுவரில் ஒட்டும் அளவுக்குப் பெரிதாக அச்சாக வேண்டும், அதே படம் கைபேசித் திரையில் விரல் நகம் அளவிலும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றார்கள். அப்படியென்றால் வெக்டர்தான், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத, கோடுகளாலும் வளைவுகளாலும் ஆன படம். கையில் இருந்தது 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியும் அதில் வெக்டர் படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப் 1.4-ம். இந்த மென்பொருளைப் பற்றிப் பொதுவாக நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வட்டமும் இல்லாத, சதுரமும் இல்லாத, ஒரு பக்கம் வளைந்து இன்னொரு பக்கம் புடைத்து நிற்கும் உருவத்துக்கு இதில் நிழல் போட முடிகிறதா, போட்டால் அது தட்டையான தாள் மாதிரி இல்லாமல் கையில் எடுக்கலாம் போல வருகிறதா?

வருகிறது. நன்றாகவே வருகிறது. ஆனால் எல்லாரும் முதலில் போய்த் தொடும் கருவியால் வருவதில்லை, எனக்கு அது புரியவே நாலு காய் வீணாயிற்று.

முதலில் தொடுவது கிரேடியன்ட், ஒரு நிறம் மெல்ல மெல்ல இன்னொரு நிறமாக மாறும் நிரப்பல். கத்திரிக்காயை வரைந்து, ஊதா நிரப்பி, ஜி விசையை அழுத்தி நடுவிலிருந்து சுற்றிலும் பரவும் ரேடியல் கிரேடியன்ட் ஒன்றை இழுத்தேன். வந்தது கத்திரிக்காய் இல்லை, உள்ளே விளக்கு எரியும் ஊதாப் பை. காரணம் இரண்டு. ஒன்று, கிரேடியன்டுக்கு உங்கள் உருவத்தின் வெளிக்கோடு எப்படிப் போகிறது என்பது தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு நேர்கோடு அல்லது ஒரு நீள்வட்டம், அவ்வளவுதான். கத்திரிக்காயோ காம்புக்குக் கீழே ஒடுங்கி, கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்து, அப்புறம் வயிறு பெருக்கிறது. நிழல் அந்தச் சாய்வோடு சேர்ந்து வளைய வேண்டும், நீள்வட்டம் அப்படி வளையாது.

இரண்டாவது காரணம் நுட்பமானது, எனக்கு மிகவும் பயன்பட்டதும் இதுதான். ஒரு பந்தின் மேல் நேர் எதிரிலிருந்து வெளிச்சம் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வெளிச்சம் 100. நடுவுக்கும் விளிம்புக்கும் சரிபாதி தூரத்தில் அது 50 இருக்கும் என்றுதானே தோன்றும்? இல்லை, கிட்டத்தட்ட 87 இருக்கும். 50-க்கு இறங்குவதே விளிம்பை நெருங்கி, 87 சதவீத தூரம் போன பிறகுதான், அதற்கப்புறம் மடமடவென்று இருட்டிவிடும். பரப்பு ஒளியை விட்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்த கொசைன் கணக்கு இது. இரண்டு நிறம் மட்டும் வைத்த கிரேடியன்ட் சீராக இறங்குகிறது, அதனால் அது பந்து போல் தெரியாமல், கூம்பை மேலிருந்து பார்ப்பது போல் தெரிகிறது. எலுமிச்சை, தக்காளி மாதிரி உருண்டைகளுக்கு மூன்றாவது நிறம் ஒன்றை 80, 85 சதவீத இடத்தில் சேர்த்துவிட்டால் போதும், உடனே உருண்டு வந்துவிடும். என் 24 காயில் இப்படி கிரேடியன்டோடு முடிந்தவை மூன்றுதான்.

மூன்றாவது, நான்காவது என்று நிறங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் இன்னொரு தொந்தரவு. நிறம் மாறும் வேகம் திடீரென்று மாறுகிற இடத்தில் நம் கண்ணுக்கு ஒரு மெல்லிய கோடு தெரியும், அங்கே உண்மையில் கோடு எதுவும் இருக்காது. 1865-லேயே எர்ன்ஸ்ட் மாக் இதை விவரித்திருக்கிறார், அதனால் இதற்கு மாக் பட்டை என்று பெயர். என் தக்காளியில் சனிக் கிரக வளையம் மாதிரி ஒன்று தெரிந்தபோது நிறத்தை எத்தனையோ தடவை மாற்றிப் பார்த்தேன், போகவில்லை. கண்ணின் வேலை என்று தெரிந்த பிறகுதான் வழியை மாற்றினேன்.

அந்த வழிதான் ஓரங்களைக் கரைக்கும் பிளரும், ஒரு வடிவத்துக்கு வெளியே இருப்பதை மறைக்கும் கிளிப்பும். இங்க்ஸ்கேப்பை நிழலுக்காக யாராவது எடுத்தால் இதைத்தான் முதலில் பழக வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

வேலை இப்படிப் போகும். காயின் வெளிக்கோட்டை வரைந்து ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அடிநிறத்தைக் காயின் வடிவத்தில் வைக்காமல், காயைவிடப் பெரிய செவ்வகமாகப் போட வேண்டும். அந்தச் செவ்வகத்தை மட்டும் குரூப் செய்து, வெளிக்கோட்டை அதற்கு மேலே வைத்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து ஆப்ஜெக்ட் மெனுவில் கிளிப் கொடுத்தால் செவ்வகம் காய் வடிவில் வெட்டுப்படும். இப்போது குரூப் மேல் இரட்டைச் சொடுக்கு போட்டு உள்ளே போங்கள். இனி நீங்கள் என்ன வரைந்தாலும் அது காய்க்குள்ளேயே இருக்கும், வெளியே வழியாது. நிழல் ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று, பளபளப்பு ஒன்று என்று கைபோன போக்கில் சேர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கிளிப் போட வேண்டியதில்லை. செவ்வகம் எதற்கு என்றால், அடிநிறத்தையும் காய் வடிவிலேயே வைத்து அதே வடிவில் நிழலையும் வெட்டினால், இரண்டு விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து, ஓரத்தில் அடிநிறம் மயிரிழை போல எட்டிப்பார்க்கும். வெளிர் பின்னணியில் பெரிதாகத் தெரியாது, கருப்புப் பின்னணியில் கண்ணைக் குத்தும். செவ்வகம் போட்டால் விளிம்பு ஒன்றே ஒன்று, மயிரிழை வராது.

நிழல் வடிவத்தைப் பேனாக் கருவியால் பிறை மாதிரி வரைகிறேன். அதன் உள்பக்கம் காயின் வளைவோடு ஒட்டிப் போக வேண்டும், வெளிப்பக்கம் காயின் கோட்டைத் தாண்டி நன்றாக வெளியே போக வேண்டும். எல்லாரும் தவறவிடுவது இந்த வெளிப்பக்கத்தைத்தான். பிறையின் வெளிப்பக்கத்தைக் காயின் விளிம்பிலேயே நிறுத்தினால், பிளர் கொடுத்ததும் அந்த ஓரமும் கரைந்து, விளிம்பில் நிழல் வெளிறிப்போகும். சில நேரம் அதுவே வேண்டும், ஏனென்றால் உண்மையான கத்திரிக்காயைச் சன்னலோரம் வைத்துப் பார்த்தால் அடர்ந்த இருட்டு விளிம்பில் இருக்காது, விளிம்புக்குச் சற்று உள்ளே இருக்கும், விளிம்பில் மேசையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் லேசாகப் படிந்திருக்கும். அதை நாமாக விரும்பிச் செய்வது வேறு, தெரியாமல் வந்து நிற்பது வேறு.

பிளர் அளவு ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகையின் அடியில் சதவீதமாக இருக்கிறது. அந்தச் சதவீதம் அந்தப் பொருளின் அளவைப் பொறுத்தது. பெரிய பிறைக்கு 10 கொடுத்தால் பரவலாகக் கரையும், அதே 10 சின்னப் பிறைக்குக் கொஞ்சமாகத்தான் கரையும். அதனால் ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே போட முடியாது, கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும். எனக்கு இதில் குறையில்லை. காஸியன் பிளர் இறங்கும் விதம் வழவழப்பாக இருப்பதால் மாக் பட்டை எட்டியே பார்ப்பதில்லை, தக்காளி வளையமும் இப்படித்தான் போனது.

நிறத்துக்குக் கருப்பைத் தொடாதீர்கள். கத்திரிக்காயின் ஊதாவுக்கு நிழல் நீலம் கலந்த இருண்ட ஊதா, பறங்கிக்காயின் ஆரஞ்சுக்குச் செங்கல் நிறம். மேலே வைக்கும் நிறம் கீழே உள்ளதைத் தானாகவே இருட்டாக்கும் மல்டிப்ளை முறையும் இருக்கிறது, நான் அதை அதிகம் பயன்படுத்தவில்லை, நிறத்தை நானே எடுத்தால்தான் மனது ஆறுகிறது.

அப்புறம் இஞ்சி. வளைந்த உருவம் வேறு, ஒழுங்கற்ற உருவம் வேறு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது இஞ்சிதான். அதற்கு ஒரு நடு, ஒரு வயிறு, ஒரு பக்கம் என்று எதுவும் கிடையாது. விரல் விரலாகப் பிரிந்து, ஒரு விரல் நம்மைப் பார்த்து நீட்டியிருக்கும், ஒன்று பின்னால் மறைந்திருக்கும். முழு இஞ்சிக்கும் ஒரே பிறை போட்டுப் பார்த்தேன், மழையில் நனைந்த அட்டை போல இருந்தது. கடைசியில் செய்தது இது: வெளிக்கோட்டுக்கு மேல் விரல்கள் பிரியும் இடங்களில் கோடுகள் வரைந்து, ஷேப் பில்டர் கருவியால் துண்டு துண்டாக்கினேன். 2023-ல் 1.3 பதிப்போடு வந்த கருவி அது, எந்தத் துண்டு வேண்டுமோ அதன் மேல் சொடுக்கினால் போதும், முன்பு போலப் பாத் மெனுவில் டிவிஷன், இன்டர்செக்ஷன் என்று ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும் அவதி இல்லை. ஏழு துண்டு வந்தது. ஒவ்வொன்றும் தனிக் கிளிப் குரூப், ஒவ்வொன்றுக்கும் தனிப் பிறை. இரண்டு விரல் சேரும் இடுக்கில் மட்டும் ஒரு சின்னக் கருமை, அதிகம் கரைக்காமல். அந்த இடுக்குக் கருமை வந்த உடனே இஞ்சி நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு நாள் முழுக்கப் போனது, அந்த நாளைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

இதில் ஒரு சின்னப் பழக்கம் உதவியது. வெளிச்சம் வரும் திசையைக் காட்டி ஒரு பெரிய அம்புக்குறியைத் தனி லேயரில் வரைந்து, பூட்டி வைத்துவிடுங்கள். ஏழு துண்டையும் தனித்தனியாகச் செய்யும்போது மூன்றாவது துண்டிலேயே திசை மறந்துவிடும்.

பாகற்காய்க்கு வந்தபோது கணினி திணறியது. ஒரு புடைப்பை நிழலோடும் பளபளப்போடும் செய்து, ஆல்ட் டி அழுத்திக் குளோன் எடுத்து நிரப்பலாம் என்று நினைத்தேன். குளோன் நல்ல வசதி, மூலத்தை மாற்றினால் எல்லாம் மாறும். ஆனால் குளோனைச் சுழற்றினால் அதன் நிழலும் கூடவே சுழல்கிறது, அதாவது ஒவ்வொரு புடைப்புக்கும் ஒவ்வொரு திசையிலிருந்து சூரியன். சுழற்றாமல் அளவை மட்டும் மாற்றி ஒப்பேற்றினேன். அதற்குள் பிளர் போட்ட வடிவங்கள் நூற்றைத் தாண்டிவிட்டன, திரையைக் கொஞ்சம் நகர்த்தினாலும் மறுபடி வரைந்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வியூ மெனுவில் டிஸ்ப்ளே மோடில் நோ ஃபில்டர்ஸ் என்று வைத்தால் பிளர் எதுவும் தெரியாமல் வேகமாகிவிடும், ஆனால் நிழல் போடும் வேலையில் நிழலைப் பார்க்காமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும்?

அந்த இடத்தில் கைகொடுத்தது எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் இருக்கும் இன்டர்போலேட். வெளியே கரும்பச்சையில் ஒரு வடிவம், உள்ளே சற்றுத் தள்ளி வெளிர்பச்சையில் ஒரு வடிவம், நடுவில் ஆறு படி. ஆறு படிகளும் சாதாரண வெக்டர் வடிவங்கள், பிளரே கிடையாது, திரை திணறாது. ஆனால் இரண்டு வடிவத்துக்கும் நோட் (கோட்டில் உள்ள புள்ளி) எண்ணிக்கையும் தொடங்கும் இடமும் பொருந்தாவிட்டால் நடுப்படிகள் துணி பிழிந்த மாதிரி முறுக்கிக்கொள்ளும். அதனால் உள்வடிவத்தைப் புதிதாக வரையாமல் வெளிவடிவத்தையே நகலெடுத்துச் சுருக்க வேண்டும். ஒரு குறை, இது ஒரு தடவை செய்தால் செய்ததுதான், பிறகு வெளிவடிவத்தை மாற்றினால் படிகள் தானாக மாறாது. சந்தா கட்டிப் பயன்படுத்தும் அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் பிளெண்ட் கருவி தானாக மாற்றிக்கொள்ளும், அந்த ஒப்பீட்டில் இங்க்ஸ்கேப் பின்தங்கித்தான் இருக்கிறது.

இனி மெஷ். 2017-ல் 0.92 பதிப்பில் வந்தது. உருவத்தின் மேல் ஒரு வலை விரித்து, வலையின் ஒவ்வொரு முனைக்கும் ஒரு நிறம் கொடுத்து, கைப்பிடிகளை இழுத்து வளைத்தால் நிறங்கள் அந்த வளைவிலேயே ஓடும். கேட்கும்போது வளைந்த உருவங்களுக்காகவே செய்த கருவி போல இருக்கிறது. ஒரே ஒரு கத்திரிக்காயை இதில் முடித்தேன், இதுவரை முடித்தவற்றில் அந்தப் படம்தான் அழகானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காம்பின் கீழிருந்து வயிறு வரை ஒரு நீளப் பளபளப்பு காயின் சாய்வோடு சாய்ந்து இறங்குகிறது, பிளரால் அந்த மாதிரி வரவைக்க எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கஷ்டம். இங்க்ஸ்கேப்பில் வலை உருவத்தின் வெளிக்கோட்டைப் பின்பற்றி வராது, உருவத்தைச் சுற்றியுள்ள செவ்வகத்தின் மேல் நேர் நேராக விரியும். இல்லஸ்ட்ரேட்டரில் வலை உருவத்தின் விளிம்பையொட்டியே வளைந்து வரும், இங்கே அந்த வேலை நம் தலையில். 4 வரிசை 4 பத்தி வைத்தாலே முனைகள் 25, ஒவ்வொன்றுக்கும் கைப்பிடிகள். ஓர முனையைக் கொஞ்சம் அதிகமாக உள்ளே இழுத்துவிட்டால், வலைக்கு வெளியே மாட்டிக்கொண்ட பகுதி நிறமே இல்லாமல் ஓட்டையாகிவிடும். கருவிப்பட்டையில் கூன்ஸ், பைகியூபிக் என்று இரண்டு தேர்வு இருக்கும், பைகியூபிக்கை வையுங்கள், கட்டங்கள் சேரும் இடத்தில் தெரியும் மடிப்புகள் குறையும். முனைகளைக் குறைவாக வைத்துத் தொடங்கி, தேவைப்படும் இடத்தில் வலைக்கோட்டின் மேல் இரட்டைச் சொடுக்கு போட்டு வரிசை சேர்ப்பது நல்லது. நான் முதலில் 8-க்கு 8 வைத்து, 81 முனைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

அதைவிடப் பெரிய சிக்கல், மெஷ் எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பாக இங்க்ஸ்கேப்பை விட்டு வெளியே போகாது. எஸ்விஜி 2 தரத்துக்காக எழுதப்பட்டு, பிரவுசர்கள் எதுவும் ஏற்காததால் பிறகு அதிலிருந்து எடுக்கப்பட்ட அம்சம் இது. 1.0 பதிப்பிலிருந்து மெஷ் உள்ள கோப்பில் இங்க்ஸ்கேப்பே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துண்டைச் சேர்த்து வைக்கிறது, கோப்பை நேராகப் பிரவுசரில் திறந்தால் அந்த ஸ்கிரிப்ட் வரைந்து காட்டிவிடும். ஆனால் ஒரு பக்கத்துக்குள் சாதாரணப் படமாக வைத்தால் ஸ்கிரிப்ட் ஓடாது, கத்திரிக்காயின் காம்பு மட்டும் தனியாக அந்தரத்தில் நிற்கும். என் கைபேசித் திரைக்கான படத்தை பிஎன்ஜி என்ற பிக்சல் படமாக ஆக்கித்தான் கொடுத்தேன்.

பிளரிலும் அச்சுக்கு ஒரு பொறி இருக்கிறது, இதைப் படிக்கிறவர்களாவது தப்பிக்க வேண்டும் என்பதற்காக விரிவாகச் சொல்கிறேன். முதல் நாலு காயை ஏ4 அளவில் வரைந்து, பிடிஎஃப் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பினேன், அங்கே மூன்று மடங்கு பெரிதாக்கி மாதிரி எடுத்தார்கள். அச்சக அண்ணன் கூப்பிட்டு, “தம்பி, வெக்டர்னு சொன்னீங்க, உள்ளே கட்டம் கட்டமா தெரியுதே” என்றார். போய்ப் பார்த்தால் வெளிக்கோடு கத்தி மாதிரி கூர்மை, நிழல் மட்டும் படிக்கட்டு. பிளரை பிடிஎஃப்-ல் அப்படியே வைக்க முடியாது, அதனால் இங்க்ஸ்கேப் அந்தப் பகுதியை மட்டும் பிக்சல் படமாக மாற்றுகிறது. எந்த அளவில் மாற்றுவது என்பதற்குச் சேமிக்கும் பெட்டியில் ஒரு இடம் இருக்கிறது, நாம் தொடாவிட்டால் அதில் இருப்பது 96 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 96 புள்ளி. மூன்று மடங்கு பெரிதாக்கினால் 32. வேறெப்படித் தெரியும்? இப்போது ஆவணத்தையே அச்சாகும் அளவில் வைத்து, அந்த இடத்தில் 300 போடுகிறேன். கோப்பு கனமாகிறது, ஆனால் நிழல் வெண்ணெய் மாதிரி வருகிறது. இன்டர்போலேட்டில் செய்த பாகற்காய்க்கு இந்தக் கவலையே இல்லை. இன்னொன்று, 1.4 கொடுக்கும் பிடிஎஃப் திரைக்கான ஆர்ஜிபி நிறங்களில்தான், அச்சு மைக்கான சிஎம்ஒய்கே கிடையாது. என் இருண்ட ஊதா நிழல் முதல் மாதிரியில் சேறு மாதிரி மங்கியது, அச்சகத்தில் மாற்றிய பிறகு நிறத்தைப் பார்த்து, நிழலைக் கொஞ்சம் வெளிர வைத்துத் திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது.

இல்லஸ்ட்ரேட்டர் வைத்திருக்கும் நண்பர் வீட்டில் உட்கார்ந்து இரண்டு மாலை அதே கத்திரிக்காயை முயன்றேன். 2018-ல் அடோபி கொண்டுவந்த ஃப்ரீஃபார்ம் கிரேடியன்ட் அருமை. உருவத்துக்குள் எங்கே வேண்டுமோ அங்கே ஒரு புள்ளி வைத்து நிறம் கொடுத்தால் போதும், வலையே வேண்டாம். இருபது நிமிடத்தில் ஏறக்குறைய நான் நினைத்தது வந்தது. தினமும் இந்த வேலையே செய்து சம்பாதிக்கிறவர்களுக்கு அந்தச் சந்தா நியாயம் என்றுதான் தோன்றுகிறது. எனக்கு வருடத்தில் ஒன்றிரண்டு வேலை இப்படி வரும், மாதா மாதம் கட்டிக்கொண்டிருக்க முடியாது. இங்க்ஸ்கேப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் 21 காய் முடித்திருக்கிறேன், விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் அதே கோப்பு திறக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் படத்துக்குக் கத்திரிக்காயை எடுங்கள், அதற்கடுத்தது மாங்காய், இஞ்சியைத் தள்ளிப் போடுங்கள். செவ்வகம், கிளிப், உள்ளே பிறை, பிளர் என்ற வரிசை கைக்கு வந்த பிறகு மெஷ் பக்கம் போகலாம். அந்தக் கருவியைச் செய்கிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்: வலை செவ்வகமாக விரியாமல், உருவத்தின் வெளிக்கோட்டிலிருந்தே தொடங்கட்டும். பாக்கி மூன்று காயில் புடலங்காய் ஒன்று இருக்கிறது, இரண்டு சுற்றுச் சுற்றி முனை சுருண்ட காய், அதை மெஷ்ஷில் செய்யத்தான் ஆசை. இப்போதைக்குப் பதினொரு துண்டாக வெட்டி வைத்திருக்கிறேன், நாலு துண்டுக்கு நிழல் போட்டாயிற்று.